ஆதாரம்: அப்பா

குமரா, நலம் விசாரிக்க எழுதும் கடிதம் இல்லை இது. நீங்கள் மூன்று பேரும் எப்படி இருக்கிறீர்கள் என்பதைத்தான் போன ஞாயிற்றுக்கிழமை போனிலேயே பார்த்துவிட்டேனே. குழந்தை மூக்கில் அந்த மூடியை மாட்டிக்கொண்டு மருந்துப் புகை இழுத்துக்கொண்டிருந்தாள். நடுவில் அதைக் கழற்றிவிட்டு, "தாத்தா, நாங்க அங்க வரப்போறோம், எங்க வீட்ல இருந்து பாத்தா கடல் தெரியுமாம்" என்றாள். உன் அம்மாவுக்கு அப்போதிருந்து கால் தரையில் நிற்கவில்லை. உன் பழைய கட்டிலை இழுத்துப் போட்டு மூட்டைப்பூச்சி மருந்து அடித்தாகிவிட்டது. உன் அறைக்கு வெள்ளையடிக்க ஆள் வந்து போயாகிவிட்டது. நான்தான் நாலு நாளாகச் சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுகிறேன். இதைப் போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ "அப்பா, ஒரு நிமிஷம் நான் சொல்றதக் கேளு" என்பாய், நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். நமக்குள் அதுதானே வழக்கம். அதனால் கடையில் ஒரு நோட்டும் பேனாவும் வாங்கி வந்து உட்கார்ந்துவிட்டேன். உப்பளத்து மேஸ்திரியாக முப்பத்தைந்து வருஷம் வெயிலில் கத்தினவனின் எழுத்து. பிழை இருந்தால் மருமகள் தேன்மொழியிடம் காட்டிச் சிரித்துவிட்டு மேலே படி. கடைசிவரை படி, அது போதும்.

அன்றைக்குத் தேன்மொழி கம்ப்யூட்டரைத் திருப்பி ஒரு அட்டவணை காட்டினாள், ஞாபகம் இருக்கிறதா? குழந்தைக்கு டெல்லிப் பக்கத்துக் காற்று ஆகவில்லை, குருகிராமைவிட்டுக் கிளம்பியே ஆகவேண்டும், இந்தியாவில் எந்த ஊரில் போய்க் குடியிருந்தால் நல்லது என்று நீங்கள் இரண்டு பேரும் ஒரு மாதமாகச் சண்டை போட்டுத் தயாரித்த அட்டவணை. ஏழு ஊர். பெங்களூரு, புனே, ஐதராபாத், கோயம்புத்தூர், சென்னை எல்லாம் வரிசையாக இருந்தன. கடைசியில் மரக்காணம். காற்று, குடிதண்ணீர், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று மேலே கட்டங்கள். பெங்களூருவுக்குத் தண்ணீரில் முட்டை போட்டிருந்தீர்கள். கோயம்புத்தூருக்கு நீ வேண்டுமென்றே மார்க் குறைத்துவிட்டாய் என்று தேன்மொழி என்னிடம் புகார் சொன்னாள், அவள் பிறந்த ஊராயிற்றே. நானும் சிரித்துக்கொண்டுதான் பார்த்தேன். கடைசிக் கட்டத்தில்தான் சிரிப்பு நின்றது. 'வெள்ள அபாயம்' என்று ஒரு கட்டம். சென்னைக்கு 'அதிகம்'. நம் ஊருக்கு 'இல்லை'. அதற்குப் பக்கத்தில் 'ஆதாரம்' என்று இன்னொரு கட்டம். மற்ற ஆறு ஊருக்கும் அதில் ஏதேதோ இங்கிலீஷில் இருந்தது. நம் ஊருக்கு நேரே தமிழில் 'அப்பா' என்று போட்டிருந்தாய்.

அடுத்த மூச்சில் நீ சொன்னாய், மனை பார்த்தாகிவிட்டது, கடலரசி நகரில் பட்டாளத்தார் வீட்டுக்கு அடுத்த மனை, தை பிறந்ததும் பத்திரம் என்று. நான் "சரிப்பா" என்றேன். கேட் திறந்து கிடக்கிறது, மாடு வந்துவிடும் என்று சொல்லி எழுந்து வெளியே போய்விட்டேன். கேட் பூட்டித்தான் இருந்தது.

உன்னை இப்படி நம்பவைத்தவன் நான்தான். ஊரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு வாய் நிற்காது, உனக்குத் தெரியும். நீ ஆறாவது படிக்கும்போது விழுப்புரத்து மாமா வந்து, "என்னா மச்சான், உங்க ஊரு தண்ணி மோர்ல உப்பு போட்ட மாதிரி இருக்குது" என்று சொல்லப்போக, நான் கிணற்றிலிருந்து இறைத்து அவர் எதிரிலேயே ஒரு சொம்பு குடித்தேன். "தேன்டா மாப்ள" என்றேன். அன்று மத்தியானம் பூரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கும் வீட்டுக்கும் நடந்தது நீ மறந்திருக்க மாட்டாய். நீ டெல்லிப் பக்கம் வேலைக்குப் போனபோது நல்லபடியாக வழியனுப்பத் தெரியவில்லை எனக்கு. "போ போ, புகையத் தின்னப் போறான்" என்றேன். குழந்தை பிறந்து அங்கே வந்து இருபது நாள் இருந்தேனே, லிப்டைத் திட்டினேன், பாலைத் திட்டினேன், குளிரைத் திட்டினேன். "மாமா, இந்தியாவுல ஒரு ஊருக்காவது பாஸ் மார்க் போடுங்க" என்று தேன்மொழி கையெடுத்துக் கும்பிட்டாள். நான் மரக்காணத்தைத் தவிர வேறு எதற்கும் போடவில்லை. மரக்காணத்தைத் தவிர வேறு எந்த ஊரிலும் நான் குடியிருந்ததில்லை என்பதை யாரும் கேட்கவும் இல்லை, நானும் சொல்லிக்கொள்ளவில்லை.

நீ மதிக்கும் அந்தப் பட்டாளத்தாரை நம் ஊருக்குக் கொண்டுவந்ததும் இந்த வாய்தான். அவர் பேர் அந்தோணிசாமி. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, அவரும் அவர் மனைவி லூர்து அம்மாளும் கடைசிக் காலத்தை எங்கே கழிப்பது என்று ஊர் ஊராகப் பார்த்துக்கொண்டு வந்தவர்கள். பிள்ளை இல்லை. ஜோத்பூர், தேஜ்பூர், புனே, ஊட்டி என்று எல்லாத் திசையிலும் இருந்தவர். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில்தான் பழக்கம். எனக்கு ஒரு எதிராளி கிடைத்த சந்தோஷம். தினமும் காலையில் ஒரு மணிநேரம் இதே பேச்சுதான். எந்த ஊர் வாழ்வதற்கு நல்ல ஊர்? அவர் ஒரு ஊரைச் சொல்வார், நான் அடிப்பேன். ஜோத்பூரில் மழை இல்லையே சார் என்பேன். தேஜ்பூரில் ஆறு வீட்டுக்குள் வருமாமே என்பேன். ஊட்டியில் வயசானவர்களுக்கு மூட்டு பிடித்துக்கொள்ளுமே என்பேன். டீக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே கேட்பார். கடைசியில் ஒருநாள் பட்டாளத்தார் கையைத் தூக்கிவிட்டார். "சரிங்க மேஸ்திரி, நீங்க ஜெயிச்சிட்டீங்க. உங்க ஊர்லயே ஒரு எடம் பாத்துக் குடுங்க" என்றார். என் வாழ்க்கையில் நான் ஜெயித்த ஒரே வாதம் அதுதான் தம்பி. தோற்றுப்போயிருக்கக் கூடாதா என்று இப்போது தோன்றுகிறது.

அவர் பிடித்த இடம் கடலரசி நகர். நீ பார்த்த அதே பேர், அதே நீல நிற நுழைவு வளைவு, அதே தென்னங்கன்று. உன்னை அளத்துப் பக்கமே விடாமல் படிக்கவைத்தேன். கால் வெந்துபோவது என்னோடு முடியட்டும் என்று நினைத்தேன். அதனால் ஒரு விஷயம் உனக்குத் தெரியாமலே போய்விட்டது. அந்த இடத்துக்கு எங்கள் வாயில் பேர் வெட்டுப்பள்ளம். அளத்துக்கு வடக்கே, கழுவெளி ஓடைக்கு இந்தப் பக்கம், வேலிகாத்தான் முள் அடர்ந்து கிடந்த தாழ்வான நிலம். ஏன் அந்தப் பேர் என்று இப்போது சொல்கிறேன். இதை அளத்துக்காரன் எவனும் வெளியே சொல்லமாட்டான். நானும் இத்தனை வருஷம் சொன்னதில்லை.

ஆறேழு மாதம் வெயிலில் வாரி எடுத்த உப்பு, விற்றதுபோக மிச்சம் கரைமேல் குவியலாக நிற்கும். கீற்று போட்டு மூடியிருப்போம். கார்த்திகையில் பெருமழை பிடித்தால் கழுவெளிச் சதுப்பு ஏரி நிரம்பி அளத்துக்குள் எதிர்த்து ஏறும். பாத்தியெல்லாம் முழுகிக் கடலாகிவிடும். தண்ணீர் குவியலின் காலைத் தொட்டதென்றால் போச்சு, கண்ணெதிரே கரையும். நாற்பது குடும்பத்தின் ஒரு வருஷத்துக் கஞ்சி கரையும். அந்த நேரத்தில் வடக்குக் கரையை வெட்டிவிடுவது வழக்கம். முதல் வெட்டு மேஸ்திரி போடவேண்டும். பிறகு மற்றவர்கள். ஒரு ஆள் அகலத்துக்கு வாய் திறந்தால் போதும், மீதியைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும். தண்ணீர் முழுவதும் பள்ளத்தில் இறங்கி, அங்கே ஆள் உயரம் நின்று, மெதுவாக ஓடைக்கு வடியும். பிறகு நாங்கள் வீட்டுக்குப் போவோம். ஊரில் யார் கேட்டாலும், தாலுகா ஆபீசிலிருந்து வந்து கேட்டாலும், ஒரே பதில்தான். "கரை ஒடஞ்சிடுச்சிங்க." வெட்டினோம் என்று ஒருவன் வாயிலும் வராது. பெண்டாட்டியிடம்கூட வராது. எனக்கு மேஸ்திரி வேலை கொடுத்த பெரியவரும் அப்படித்தான் இருந்தார். நான் சேர்ந்ததிலிருந்து அந்தக் கரை ஏழு தடவை உடைந்திருக்கிறது, ஏழு தடவையும் மண்வெட்டியால்தான்.

பட்டாளத்தார் மனை பார்க்கப் போனபோது நானும் கூடப் போனேன். மனுஷர் ராணுவத்துக்காரர் இல்லையா, குனிந்து மண்ணை எடுத்து முகர்ந்தார். நேராக என்னைப் பார்த்து, "மேஸ்திரி, இங்க தண்ணி வருமா?" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இங்க தண்ணி நிக்காது சார்" என்றேன். வருமா என்றுதான் அவர் கேட்டார். நிற்காது என்று நான் பதில் சொன்னேன். பொய் சொல்லவில்லை என்று அன்றைக்கு என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். வீடுகள் வந்துவிட்டால் அந்தப் பக்கம் வெட்டமாட்டோம், வேறு வழி பார்ப்போம் என்றும் நினைத்துக்கொண்டேன். எது உண்மையான காரணம் என்று கேட்டால், எங்கள் ஊரில் இப்படி ஒரு இடம் இருக்கிறது என்று, அத்தனை நாள் ஜெயித்த வாயால், அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் வீடு கட்டினார். கீழே இரண்டு அறை. மேலே கட்ட நினைத்துப் படிக்கட்டு மட்டும் வைத்தார். அது மொட்டைமாடியில் போய் நிற்கும்.

போன வருஷம் கார்த்திகையில் அந்தப் புயல் மழை. நீ போன் மேல் போன் போட்டு, "வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சாப்பா?" என்று கேட்டாய். "நம்ம வீட்டுக்கு வருமாடா, போடா" என்றேன். அந்தப் பேச்சைத்தான் நீ அட்டவணையில் ஏற்றிவிட்டாய். நம் வீட்டுக்கு வரவில்லை என்பது நிஜம். அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும். அளத்தில் நின்றால் மேற்கே பெருமுக்கல் மலை தெரியும். மலை மறைந்துவிட்டால் மண்வெட்டியை எடு என்பது எங்கள் கணக்கு. இரண்டு நாளாக மலை இருந்த இடமே தெரியவில்லை. கரைமேல் ஏழு பேர் நின்றிருந்தோம். தண்ணீர் குவியலுக்கு ஒரு சாண் கீழே வந்துவிட்டது. கன்னியப்பன்தான், இப்போது எனக்குப் பதில் மேஸ்திரியாக இருக்கிறானே அவன், மெல்ல ஆரம்பித்தான்.

"மேஸ்திரி, அங்க பட்டாளத்தாரு இருக்காரு."

"தெரியும்."

"அந்த அம்மாக்கு முட்டி வலி. நடக்க முடியாது."

"படிக்கட்டு இருக்குதில்ல. மேல போயிடுவாங்க."

இதைச் சொன்னது நான். இந்த வாய். பிறகு முதல் வெட்டைப் போட்டதும் நான்தான்.

இதுவரைக்கும்கூட நீ என்னை மன்னித்துவிடலாம் குமரா. நாற்பது குடும்பம் ஒரு பக்கம், ஒரு வீடு ஒரு பக்கம் என்று நீயே எனக்காக வாதாடலாம். இனி சொல்வதற்கு வாதாட வழியில்லை. அன்று என் சட்டைப் பையில் போன் இருந்தது. நனையக்கூடாது என்று பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தேன். நல்ல போன், நீ வாங்கிக் கொடுத்தது. சிக்னல் இருந்தது. வெட்டுவதற்கு முன்னால் அவரைக் கூப்பிட்டு, "சார், அம்மாவக் கூட்டிக்கிட்டு உடனே கெளம்பி எங்க வீட்டுக்கு வந்துடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அரை மணி நேரம் இருந்தது. நான் கூப்பிடவில்லை. ஏன் என்றால், கூப்பிட்டுச் சொன்னால் அது வெட்டினது ஆகிவிடும். உடைகிற கரைக்கு யார் முன்கூட்டிப் போன் பண்ணுவார்கள்? அந்த ஒரு வழக்கத்தைக் காப்பாற்ற, இரண்டு வயசானவர்களைத் தண்ணீரில் விட்டேன். முட்டாள்தனம் என்று சொல்லக்கூட எனக்கு வாய் கூசுகிறது. அது பாவம்தான்.

மறுநாள் தண்ணீர் வடிந்து பட்டாளத்தார் வீடு பார்க்க வந்திருந்தபோது, ரொட்டியும் பாலும் எடுத்துக்கொண்டு போனேன். கீழ் அறைச் சுவரில் என் நெஞ்சு உயரத்துக்குச் சேற்றுக் கோடு. அந்த அம்மாவைப் பட்டாளத்தார் முதுகில் தூக்கிக்கொண்டு படி ஏறியிருக்கிறார். பொழுது சாயும்வரை கொட்டுகிற மழையில் மொட்டைமாடியில், ஒரு பிளாஸ்டிக் விரிப்பைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். சாயங்காலம் மீனவர்கள் படகு கொண்டுவந்து இறக்கினார்கள். அந்த அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கிடந்தார். பிழைத்துவிட்டார். ஆனால் அன்றிலிருந்து பேச்சு குறைந்துபோயிற்று. இப்போதும் மேகம் கறுத்தால் கையில் மருந்துப் பையை எடுத்துக்கொண்டு அந்தப் படிக்கட்டில் மூன்றாவது படியில் போய் உட்கார்ந்துவிடுகிறார். யார் கூப்பிட்டாலும் இறங்குவதில்லை. பட்டாளத்தார் அன்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ஊர்லேயே நீங்க ஒருத்தர்தான் வந்து பாத்தீங்க மேஸ்திரி. கரை ஒடஞ்சிடுச்சாமே, இயற்கைய என்னா பண்றது" என்றார். "ஆமாங்க சார்" என்றேன். ஒரு வருஷமாக அவர் வீட்டில் காபி குடிக்கிறேன். வீட்டை விற்றுவிட்டுப் போகலாமே சார் என்று ஒருமுறை ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "எங்க போறது? எல்லா ஊரையும் நீங்கதான் வேணாம்னுட்டீங்களே" என்று சிரித்தார். உனக்குப் பக்கத்து மனையைச் சொன்னதும் அவர்தான், எனக்குத் தெரியும். ஒரு தடவை தானாக உடைந்த கரை என்றே நம்பி, அந்தத் தண்ணீரைப் பற்றி அவர் உன்னிடம் பெரிதாகச் சொல்லியிருக்க மாட்டார். "உங்க பையன் பக்கத்துல வந்துட்டா எனக்குத் தைரியம்" என்று என்னிடம் சொன்னார்.

திங்கட்கிழமை நான் கன்னியப்பனைத் தேடி அளத்துக்குப் போனேன். இந்த வருஷம் உப்பு தேங்கிவிட்டது. குவியல்கள் போன வருஷத்தைவிட உயரமாக, கரை நெடுக நிற்கின்றன. கடலரசி நகருக்கு உள்ளே புதிதாக ரோடு போட்டு இரண்டடி உயர்த்திவிட்டார்கள். ஓடைக்கு வடிகிற வழி அதில் அடைபட்டுவிட்டது. இனிமேல் தண்ணீர் அங்கே நிற்கும். நான் அன்று சொன்ன அரை உண்மையும் இப்போது பொய்யாகிவிட்டது. கன்னியப்பன் கீற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். "ஏம்பா, என் பையன் பட்டாளத்தாரு பக்கத்துல மனை வாங்கறான்" என்றேன். அவன் கட்டுவதை நிறுத்தவே இல்லை.

"வாங்கட்டும் மேஸ்திரி, நல்ல எடம்தான."

"டேய், உனக்குத் தெரியாதா?"

"என்னா தெரியணும்? நாங்க என்னா வேணும்னா பண்றோம்? ஒடையுது."

என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான். கண்ணில் கோபமும் இல்லை, கேலியும் இல்லை. நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை எனக்கே ஒப்பித்தான், அவ்வளவுதான். அங்கே உன் குழந்தை இருந்தாலும் அவன் இதே குரலில்தான் சொல்வான். போன வருஷம் அந்த இடத்தில் யாரோ ஒருவருடைய பேத்தி இருந்திருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

நீங்கள் அந்த அட்டவணையை இன்னொரு தடவை போடுங்கள். காற்றையும் பள்ளிக்கூடத்தையும் நான் குறை சொல்லவில்லை, அதெல்லாம் பார்க்கவேண்டியதுதான். ஆனால் எந்த ஊருக்குப் போனாலும், அங்கே கஷ்டம் வந்தால் அதை எந்தப் பக்கம் தள்ளிவிடுவது வழக்கம் என்று விசாரி. புனேயாக இருந்தாலும் கோயம்புத்தூராக இருந்தாலும் அப்படி ஒரு பக்கம் இருக்கும், அதற்கு அழகான புதுப் பேர் ஒன்றும் வைத்திருப்பார்கள். விற்பவனைக் கேட்காதே. ஊர்ப் பெருமை பேசுகிறவனைக் கேட்கவே கேட்காதே, அவன் என்னைப்போல் இருப்பான். அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே குடியிருக்கிற ஒரு கிழவியின் பக்கத்தில் போய் உட்கார். அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று பார். கோயம்புத்தூரில் தேன்மொழியின் அப்பா வீடு மேட்டில்தானே இருக்கிறது? அந்தக் குடும்பத்தோடு உனக்கு ஒத்துப்போகாது, தெரியும். ஒத்துப்போ. குழந்தைக்கு மூச்சு வேண்டும். நீ இங்கே வரவேண்டும் என்று பதினாறு வருஷமாக மனசுக்குள் புழுங்கிக்கொண்டிருக்கிறவன் நான். வராதே என்று இப்போது நானே எழுதுகிறேன். அம்மாவிடம் இன்று காலையில்தான் எல்லாவற்றையும் சொன்னேன். மாவு கரைத்துக்கொண்டிருந்தவள் கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். "ஒரு போன் பண்ணியிருக்கலாமே" என்றாள். அப்புறம் மாவுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டாள்.

இந்த இடம்வரை எழுதி நோட்டை மூடினேன். சாப்பிட்டுவிட்டுப் பட்டாளத்தார் வீட்டுக்குப் போய் நேரில் சொல்லிவிடுவது, வந்து மீதியை எழுதுவது என்று நினைத்திருந்தேன். அது நேற்று முன்தினம். போகவில்லை. செருப்பை மாட்டினேன், கழற்றினேன். மழை பிடித்துக்கொண்டது, அதுவும் ஒரு சாக்காகிவிட்டது. நேற்று பூரா விடவில்லை. இன்று காலை மொட்டைமாடியில் ஏறிப் பார்த்தேன். பெருமுக்கல் மலை இல்லை. வெறும் சாம்பல் நிறம்தான். பத்தரை மணிக்குக் கன்னியப்பன் போன் பண்ணினான். பழைய மேஸ்திரிக்கு மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லுவார்கள், நானும் என் பெரியவருக்குச் சொல்லியிருக்கிறேன். "மேஸ்திரி, தண்ணி குவியலாண்ட வந்துடுச்சி. கரை தாங்காதுன்னு தோணுது" என்றான். "அரை மணி பொறுடா" என்றேன். "கரை எங்க மேஸ்திரி பொறுக்கும்" என்று வைத்துவிட்டான்.

பட்டாளத்தார் நம்பரை அம்மாதான் போட்டுக்கொடுத்தாள். அவர் எடுத்ததும், "சார், கரையை வெட்டப் போறாங்க, அம்மாவக் கூட்டிக்கிட்டு உடனே கெளம்புங்க, ரோட்டு மேட்டுக்கு ஆட்டோ அனுப்பறேன்" என்றேன். "ஒடையப் போவுதுங்களா?" என்று கேட்டார். "ஒடையல சார். வெட்டறாங்க. போன வருஷமும் வெட்டினதுதான். நான்தான் வெட்டினேன்" என்றேன். அவர் மெதுவாக, அதட்டாமல், ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க பையன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"எழுதிக்கிட்டிருக்கேன் சார்" என்றேன்.

"மொதல்ல அத எழுதி முடிங்க" என்றார்.

நானும் ஆட்டோவில் போனேன். அவர்கள் வளைவுக்கு வெளியே வந்து நின்றிருந்தார்கள், மனைவியை முதுகில் தூக்கியிருந்தார். ரோட்டில் கணுக்கால் அளவு தண்ணீர் அப்போதே ஓட ஆரம்பித்துவிட்டது. என்னைப் பார்த்தார், ஏறி உட்கார்ந்தார். இப்போது உன் அறையில் இருக்கிறார்கள், உனக்காக மருந்து அடித்த கட்டிலில். அம்மா கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தாள். பட்டாளத்தார் வாங்கிக்கொண்டார். நான் கொண்டுபோன தண்ணீரை வாங்கிக் கீழே வைத்துவிட்டார். லூர்து அம்மாள் மட்டும் கட்டிலில் இல்லை. நம் வீட்டு மாடிப்படியில், மூன்றாவது படியில், மருந்துப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் கண்ணில் படாத இடமாகப் பார்த்து, சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கடலரசி நகரில் இந்த வருஷம் வந்த வீடு இன்னும் நாலு இருக்கிறது. அவர்களுக்கும் போன் பண்ணிவிட்டேன், மூன்று பேர் எடுத்தார்கள். ஒரு வீட்டில் எடுக்கவில்லை. மறுபடியும் போட்டுக்கொண்டே இருக்கிறேன். ஊரில் என்னை இனி யாரும் மேஸ்திரி என்று கூப்பிடமாட்டார்கள். அதைப் பற்றி உனக்குக் கவலை வேண்டாம்.

மழை விட்டதும் இதைப் போஸ்ட் பண்ணுகிறேன். அதற்கு முன்னால், அந்தக் கம்ப்யூட்டரைத் திறந்து, நம் ஊருக்கு நேரே இருக்கிற 'இல்லை'யை அடித்துவிட்டு 'உண்டு' என்று எழுது. பக்கத்துக் கட்டத்தில் இருக்கிற 'அப்பா'வை மட்டும் அடித்துவிடாதே, அது அப்படியே இருக்கட்டும்.